குகையில் ஒரு குட்டை விரல்

"நம்ம ஊரு ஷூ பிரான்சுக்குப் போவும். நம்ம ஊரு பொண்ணு போவாளா?"

மாதனூரிலிருந்து போகும் ஷூ கம்பெனி பஸ்ஸில், அம்மாவுக்குப் பக்கத்து சீட்டு அக்கா கேட்டது. அப்போது கல்லூரி விடுமுறையில் அம்மாவோடு நானும் அங்கே பேக்கிங் வேலைக்குப் போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பிரான்சைப் பார்க்கும் ஆசையைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. வலது கையை முந்தானைக்குள் வைத்தபடி அம்மாவும் சிரித்தாள்.

இந்த வருடம் போனேன். இப்போது நான் வேலை செய்யும் கம்பெனி, எங்களிடம் ஷூ வாங்குகிறவர்களின் அலுவலகத்துக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே என்னோடு வேலை செய்த பெண், விடுமுறை நாட்களில் நான் அறையில் அடைந்து கிடக்கக் கூடாது என்று தன் காரிலேயே கிராமம் கிராமமாக அழைத்துப் போனாள். அவளுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

கோட்டைகளைப் பார்த்து நான் வாய் பிளக்கவில்லை. அகழியோடு வேலூரில் ஒன்றைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஒரு பழைய கிராமத்தில், ஆற்றை ஒட்டிய சந்தின் பெயரை அவள் சொன்னபோது நின்றுவிட்டேன். தோல் பதனிடுவோர் தெரு. நாற்றம் தாங்காமல் ஊருக்கு வெளியே வைத்திருந்தார்களாம். "எங்கள் ஊரிலும் ஆற்றோரம்தான்" என்றேன். இன்று அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. யாரும் மூக்கைப் பிடிக்காமல் படம் எடுக்கிறார்கள்.

கடைசி ஞாயிறு ஒரு குகை. ஆதி மனிதர்கள் பாறைமேல் கையை வைத்துச் சுற்றிலும் செஞ்சாயம் ஊதியிருந்தார்கள். சில கைகளில் விரல் பாதிதான். வெட்டுப்பட்டதா, மடக்கி வைத்ததா, இன்னும் தெரியவில்லை என்றார் வழிகாட்டி.

அம்மாவின் ஆள்காட்டி விரலும் அப்படித்தான். தோல் வெட்டும் பிரஸ்ஸில் மேல்கணு போனபோது நான் ஏழாவது படித்தேன். அதற்குப் பிறகும் அந்தக் கையோடுதான் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். எந்தப் போட்டோவிலும் அந்தக் கை இருக்காது. இங்கே யாரோ அதே போன்ற கையை, எல்லோரும் பார்க்கட்டும் என்று விரித்து வைத்திருந்தார்.

உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. மாலையில் போனில் சொன்னேன்.

"அந்தக் காலத்துலயே பிரஸ் இருந்துச்சா?" என்றாள் அம்மா.

"நீயே வந்து பாரும்மா."

"போடி. ரேஷன் கடை மெஷினே என் விரலைப் பார்த்து பேஜார் பண்ணுது. பாஸ்போர்ட்டுக்காரன் எடுத்துக்குவானா?"

"மீதி ஒம்பது இருக்குல்ல?"

பிறகு கேட்டாள்: "அங்க குளிர் ஜாஸ்தியா?"

ஊர் திரும்பியதும் வேலூர் பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவளுக்கு நாள் வாங்கிவிட்டேன். வருகிற புதன்கிழமை. அவள் கம்பெனியில் லீவும் சொல்லியாகிவிட்டது. பஸ் அக்காவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. அதை அம்மா சொல்லட்டும்.