மாம்புரி வீட்டுக் கம்பியூட்டர்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒரு கவலையும் இல்லை. நளீரை எனக்கு நன்றாகத் தெரியும். மதுரங்குளிச் சந்தியில் கம்பியூட்டர் திருத்துகிறவன். இல்லாத வைரஸை இருக்கிறதென்று சொல்லிப் பிழைக்கிறவர்கள் மலிந்த தொழிலில், வயர் கழன்றிருந்தால் வயர்தான் கழன்றிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிற பைத்தியக்காரன். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. இன்றைக்கும் அந்த வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம். மாம்புரியிலிருந்து முபாரிஸ் என்று ஒருவன் தொலைபேசியில் பேசினான்.

“வீட்ட ஒரு மௌத்து. கம்பியூட்டர் எழும்புதில்ல. உள்ளுக்க படங்கள் கிடக்கு. எடுத்துத் தர ஏலுமா, ஏலாதா?”

சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. இறந்தது யாரென்று அவன் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவனிடம் நளீரும் துருவிக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவன் அந்த வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கவே மாட்டான்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தான். கச்சான் காற்று பேய்க்காற்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஹோலின் மூலையில் பழைய கம்பியூட்டர். அதற்குப் பக்கத்தில் ஓர் அறை. வாசலில் தடித்த பச்சைத் திரை, தரைவரை இழுத்து விடப்பட்டிருந்தது. நளீருக்கு உடனே விளங்கிவிட்டது. வாப்பா மௌத்தாகியிருக்கிறார், உம்மா உள்ளே இத்தா இருக்கிறார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. நல்ல வளர்ப்பில் வந்த எவனும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டான். நளீரும் பார்க்கவில்லை.

முபாரிஸ் கட்டாரில் வேலை செய்பவன். செய்தி கேட்டு ஓடி வந்தும் ஜனாஸாவை அடக்கிய பிறகுதான் வீட்டுக்குள் காலடி வைத்தானாம். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

“மன்னார்ல இருந்து எங்கள வெளியேத்தினப்போ பழைய படமெல்லாம் அங்கயே போச்சு. முகம் எண்டு மிஞ்சினது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான். அழிஞ்சிது எண்டு வை… நீ இங்க இருந்து போக மாட்ட.”

“கடைக்குக் கொண்டு போனா லேசு, நானா.”

“வீட்ட உட்டு வெளிய போகாது.”

அதோடு அந்தி மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிறதென்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டான்.

நளீர் சுவிட்சைப் போட்டான். மொனிட்டர் கறுப்பாகவே கிடந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது. புளொப்பி டிரைவுக்குள் யாரோ மறந்துவிட்ட ஒரு தட்டு கிடந்தது. வைரஸ் என்கிற திருடன் நுழைந்த வழி அதுதான். கம்பியூட்டர் எழும்பும்போது முதலில் வாசிக்கிற இடம் ஒன்று டிஸ்கில் இருக்கும், பூட் செக்டர் என்பார்கள். வைரஸ் அதில் ஏறிக் குந்தியிருந்தது. வாசல் அடைபட்டால் வீட்டுக்குள் எது இருந்தாலும் போக வழியில்லை.

அவன் தன்னிடமிருந்த சுத்தமான தட்டைப் போட்டு எழுப்பினான். டிஸ்க் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாத டிஸ்கில் அவசரப்பட்டு வாசலைத் திருத்தினால் படங்கள் போனது போனதுதான்.

“யாரு நீ?”

திரைக்குப் பின்னாலிருந்து. தெளிவான, தடித்த குரல்.

நளீர் தலையைக் குனிந்துகொண்டு சலாம் சொன்னான்.

பதில் சலாம் வரவில்லை.

“மகன்தான் வரச் சொன்னாரு, உம்மா.”

“அத எழுப்பாத.”

அவனுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. முதல் கேள்வி ஓர் ஆள் நிற்கிற உயரத்திலிருந்து வந்தது. இது அதைவிடக் கீழே… உட்கார்ந்துகொண்டார் போலும் என்று நினைத்தான். ஆனால் கதிரை இழுபட்ட சத்தம் கேட்கவில்லை.

காற்று ஜன்னலால் வந்து மேசைத் துணியைத் தூக்கி எறிந்தது. கலண்டர் சுவரில் அடித்துக்கொண்டது.

திரை மட்டும் அசையவில்லை.

“உசிரோட இருக்கக்குள்ள வந்து பாக்காதவனுக்கு இப்ப மூஞ்சி எதுக்கு?”

வயிற்றெரிச்சல் பேசுகிறது என்று நளீர் எடுத்துக்கொண்டான். கடைசி நாட்களில் வாப்பாவைப் பார்க்க மகன் வரவில்லையென்ற கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் மகன் பாவம்.

டிஸ்கில் இருந்தவையெல்லாம் மொனிட்டரில் வரிசையாக இறங்கின. படங்கள் இருந்தன. வாசலைத் திருத்துகிற கட்டளையை அடித்தான். இனி என்டரில் ஒரே ஒரு தட்டு.

“தட்டாத.”

இப்போது குரல் தரையிலிருந்து வந்தது.

திரையின் அடிவிளிம்பிலிருந்து. யாரோ மல்லாந்து கிடந்துகொண்டு பேசுவது போல…

நளீர் விரலை எடுக்கவில்லை. தகப்பனின் முகத்தை மகன் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும். பிஸ்மி சொல்லித் தட்டிவிட்டான்.

கம்பியூட்டர் எழும்பியது.

முதல் படத்தைத் திறந்தான். முருங்கை மரத்தடியில் ஒரு பெண். முக்காடு நழுவி, நேரே பார்த்துச் சிரித்துக்கொண்டு. அடுத்ததைத் திறந்தான். அதே பெண். அடுத்ததும் அவர்தான். வாப்பா எந்தப் படத்திலும் இல்லை. இத்தா இருக்கிறவரின் முகத்தையல்லவா பார்த்துவிட்டோம் என்று பதறி மூடினான்.

“மன்னிச்சிக்கங்க, உம்மா.”

மௌஸிலிருந்து கையை எடுத்தான்.

பிறகு… அவன் கால்மாட்டிலிருந்து:

“நீ பாரு. அவனுக்குக் காட்ட மாட்டன்.”

நளீர் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்ப முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்ததையெல்லாம் ஓதினான். முபாரிஸின் செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

முபாரிஸ் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தான். முருங்கை மரம் இருந்தது. அந்தப் பெண்ணும் இருந்தார்.

முதுகு காட்டிக்கொண்டு.

அடுத்தது, முதுகு. அதற்கடுத்தது, முதுகு.

“என்னடா செஞ்ச? இது நான் எடுத்த படம். உம்மா சிரிச்சிட்டு நிண்டா.” சட்டையைப் பிடித்துவிட்டான்.

“நான் ஒண்டும் செய்யல்ல. உள்ளுக்க இருக்கிற உம்மாக்கிட்டயே கேளுங்க.”

முபாரிஸின் பிடி தளர்ந்தது. போய்த் திரையைப் பறித்து விலக்கினான். சுவரோடு சாத்திய கட்டில். வெறும் சீமெந்துத் தரை. ஆளில்லை.

“மௌத்தானது உம்மாதான். வாப்பா முந்தியே போயிட்டாரு. அந்தத் தரையிலதான் குளிப்பாட்டின.”

“என்னோட கதைச்சாங்களே,” என்றான் நளீர்.

“கதைச்சாவா?” முபாரிஸின் குரல் உடைந்தது. “தொண்டையில கென்சர். குரல வெட்டி எடுத்து மூணு வருசம். நான் கோல் எடுத்தா மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேக்கும். என்ன சொன்னா? சொல்லு, தம்பி, என்ன சொன்னா?”

நளீர் சொல்லவில்லை. பையைக்கூட எடுக்காமல் வந்துவிட்டான்.

சில வாரங்களுக்குப் பிறகு, நல்ல பட்டப்பகலில், ஒரு பெண் அவன் கடைக்கு வந்தாள். முபாரிஸின் தங்கச்சி றுமானா. வண்ணாத்திவில்லுவில் கலியாணம் முடித்திருக்கிறவள், கடைசிவரை உம்மாவைப் பார்த்துக்கொண்டவள். ஜனாஸாவுக்கு அண்ணன் பிந்தி வந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லையாம். அவன் அழுதுகொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மனம் இளகியதாம். அவள் கையில் ஒரு சீடி இருந்தது. உம்மா உயிரோடு இருந்தபோதே புத்தளத்து ஸ்டூடியோவில் அதே படங்களைப் பதிந்து எடுத்துவைத்தது. நளீரின் கை அதில் பட்டதே இல்லை.

“ஒருக்காப் போட்டுப் பாருங்களேன்.”

போட்டான். முருங்கை மரம். உம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகம்தான், அவன் பார்த்த அதே முகம்.

“நல்லாத்தானே இருக்கு,” என்றான் நளீர்.

“ஓம். எனக்கும் இப்பிடித்தான் தெரியுது.” அவள் தெருப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “நானா, வாங்க.”

வெளியே திரீவீலில் இருந்து முபாரிஸ் இறங்கினான். உடம்பு பாதியாக வற்றியிருந்தது. கடைப் படியில் காலை வைத்தான்.

நளீர் ஒருதரம்தான் கண் இமைத்தான்.

முதுகு.

றுமானா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் மருந்து விழுந்தவன்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு முபாரிஸ் வாசலிலேயே நின்றான். உள்ளே வரப் பயம், போகவும் மனமில்லை.

“தம்பி,” என்றான், “இப்ப முகம் தெரியுதா?”