உடம்புச் சூடு

வில்பட்டியில் கேரட் போடும் திருமலைச்சாமிக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. அதற்காகப் பார்க்கப் போன இடத்தில்தான் புற்று தெரிந்தது.

கொடைக்கானல் கிளினிக்கின் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, புரதத்தை வெட்டும் ஒரு நொதியைச் சுரக்கிறது. விந்து கட்டியாக வரும். நொதி அதை இளக்கிவிட்டால்தான் உயிரணுக்கள் நீந்தும். ரத்தத்தில் அது துளிதான் கசியலாம். அவனுக்குப் பெருகியிருந்தது. சதை எடுத்துப் பார்த்தார்கள். வேகமாக வளரும் வகை. சுரப்பியை எடுத்துவிட்டால் விந்து வெளியே வராது. அதற்கு முன் விந்தை எடுத்து உறையவைத்தால் பிறகு பிள்ளைக்கு வழியுண்டு.

நாளை விடிந்ததும் மதுரையில் அறுவை.

கிளினிக் அறையில் இரண்டு முறை முயன்றும் முடியாமல் போனதால் வீட்டிலிருந்தே குப்பியில் பிடித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்றாள் நர்ஸ் ஷர்மிளா. சிந்தாமலிருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டான். மாட்டு டாக்டர் காளை விந்துள்ள சினை ஊசியைப் புகை கக்கும் குளிர் கேனிலிருந்து எடுப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறான். கடையில் ஐஸ் வாங்கித் தூக்குவாளியில் குப்பியைப் புதைத்தான். மனைவி அன்னக்கொடி பைக்கின் பின்னால் வாளியை அணைத்துக்கொண்டு வந்தாள்.

ஷர்மிளா மூடியைத் திறந்தாள். “என்னண்ணே, ஐஸ்ல மீனு கொண்டாந்தீங்களா?”

உள்ளே போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள்.

“ஒண்ணுகூட அசையலண்ணே. உடம்புச் சூட்டுல இருக்கணும்னுதான மடியில வைக்கச் சொன்னேன்.”

“நீங்களும் உறையத்தானம்மா வைக்கப் போறீங்க?”

“மருந்து கலந்துதான் வைப்போம். வெறும் ஐஸ்ல செத்துரும்.”

அவன் டாக்டரம்மாவிடம் போய் நின்றான். “ஆபரேஷனத் தள்ளி வைங்கம்மா.”

“இந்தத் தேதிய விட்டா அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுத்தான். புற்று அதுவரைக்கும் பொறுக்காது.”

“எனக்குத்தான் வலியே இல்லையே.”

“ஏங்க,” என்றாள் அன்னக்கொடி. “பிள்ளையில்லாம பதினோரு வருஷம் இருந்துட்டேன். நீங்க இல்லாம ஒரு வாரம் இருந்ததில்ல.”

“ஊர்ல என்ன பேசுவாங்க?”

“இப்ப மட்டும் வாயக் கட்டிக்கிட்டா கெடக்காங்க?”

அவன் இன்னொரு குப்பி கேட்டு வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டான். சுவரில் ஒரு குழந்தை சிரித்தது. படத்தைத் திருப்பி வைத்தான். உடம்பு மரக்கட்டையாக இருந்தது. கெஞ்சினான். திட்டினான். வெளியே மதுரைக்குப் போகப் பேசியிருந்த கார் ஹாரன் அடித்தது.

“வாங்க, நேரமாச்சு,” என்று அன்னக்கொடி கதவைத் தட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் இரு.”

மூன்றாம் முறை அவள் தட்டியபோது, காலிக் குப்பியை இறுக மூடி ஜன்னலில் வைத்துவிட்டுத் தாழை நீக்கினான்.