மந்திரிக்காகத் துடைத்த குளம்

1. ஒதுக்கும் வேலை

மந்திரி படகில் போகப்போகிறார் என்று முடிவான பிறகுதான், குளத்தில் ஆகாயத்தாமரை இருப்பதே எங்கள் ஆபீஸின் கண்ணில் பட்டது. அதற்கு முன்பு பல வருடங்களாகத் தண்ணீரே தெரியாமல் படர்ந்து கிடந்தது. புல் என்று நினைத்து இறங்கிய எருமை ஒன்று முழுகிச் செத்தது. அப்போது ஒருவரும் அசையவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூருக்கு மேற்கே, நொய்யல் தண்ணீரால் நிரம்பும் குளம் அது. நான் அங்கே ஜூனியர் இன்ஜினியர். எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரை இ.இ. என்போம். பாசன வேலையில் தலை நரைத்தும் செருப்பில் சேறு படாத மனிதர்.

"ரோட்டுப் பக்கம் தண்ணி தெரிஞ்சாப் போதும். கயிறு கட்டி எல்லாத்தையும் அந்தக் கோடிக்குத் தள்ளிருங்க" என்றார்.

"சார், அங்கதானுங்க கலிங்கு இருக்குது. குளம் ரொம்புனா தண்ணி வெளிய போறதே அது வழியாத்தான். மழை வந்தா அடைச்சுக்குமுங்க. கரையேத்திக் காயப்போட்டுறலாமுங்க."

"ஏம்மா, மந்திரி கலிங்கையா பாக்க வர்றாரு?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். தள்ளச் சொன்னதைத் தள்ளினோம். மந்திரி ஒரு சுற்று வந்து, "கடலாட்டம் இருக்குதே" என்றார். இ.இ. தானே தோண்டிய கடல் போலப் பூரித்துப்போனார்.

2. திட்டு

கலிங்குக்குப் பக்கத்தில், கரைக்குக் கீழே, மேடான ஓரிடத்தில் மில்லுக்கும் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இருந்தன. பேர் திட்டு. பெருமழை பெய்தால் வாய்க்கால் தண்ணீர் சுற்றிக்கொண்டு அது தீவாகிவிடும்.

அந்த ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. நாங்கள் ஒதுக்கிய பச்சை மெத்தை அப்படியே கலிங்கில் போய் அடைத்தது. குளம் ஏறிக் கரையின் விளிம்பைத் தொட்டது. எதிர்க்கரையில் புதிதாகப் போட்ட வீட்டுமனைகள். அவற்றைக் காப்பாற்ற இ.இ. வழி கண்டுபிடித்தார்.

"திட்டுப் பக்கம் கரைய வெட்டி விட்டுரலாம். பொக்லைன் வந்துட்டிருக்கு."

"அங்க சனம் இருக்குதுங்க சார். சுத்தியும் தண்ணி, கொழந்தைங்க, வயசானவங்கெல்லாம் எப்படி வெளிய வருவாங்க?"

"அது தாசில்தார் வேலைம்மா. நம்ம வேலை குளம்."

திட்டிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரைமேல் ஏறி வந்திருந்த சரசா இதைக் கேட்டுவிட்டாள். மில் தொழிலாளி. அவள் இ.இ.யைப் பார்க்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள்.

"ஏனுங்க மேடம், மந்திரிக்குன்னு நீங்க தள்ளிப்போட்ட தழைக்கு நாங்க ஊட்டோட போகோணுமுங்களா?"

இ.இ.யிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மதகும் கரையும் பார்க்கிற எங்கள் லஸ்கர்களைக் கயிறு கொண்டுவரச் சொன்னேன். திட்டு ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். கலிங்கை ஒட்டி மெத்தையை அறுத்து, துண்டு துண்டாக டிராக்டரில் கட்டிக் கரைக்கு இழுத்தோம். ஒரு துண்டு திடீரென்று பிய்ந்து, அதன்மேல் நின்ற சரசாவின் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கலிங்குக்கு இழுத்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள். வாயிலிருந்து தழையைத் துப்பிவிட்டு அவர் மறுபடி இறங்கினார்.

பொக்லைன் வந்து சேர்ந்தபோது கலிங்கில் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. கரை தப்பித்தது. திட்டில் சில மண்சுவர்கள் சரிந்தன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

இ.இ. ஜீப்பிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "இதையேதான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்."

3. பரிசளிப்பு

குடியரசு தினத்தில் இ.இ.க்குக் கேடயம் கொடுத்தார்கள், வெள்ளத்தில் துணிந்து செயல்பட்டதற்காக. அனுமதி இல்லாமல் ஆட்களை இறக்கியதற்கு எனக்கு மெமோ. விழாவுக்குத் திட்டிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. சரசா அன்றைக்குச் சுவருக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பருவநிலை மாற்றம், அயல்செடி ஒழிப்பு என்று குளிர்சாதன அறையில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். மழை முன்போல் நிதானமாகப் பெய்வதில்லை என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் அன்றைக்குத் திட்டை மூழ்கடிக்கப் பார்த்தது மழை மட்டுமா?

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டோம் என்று யாராவது போட்டோ காட்டினால், எங்கே போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்தக் குளத்தின் கலிங்குக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள்.