சிங்குக்கு அடியில் இருந்த குவளை

டோரிங்பெர்க்கில் இனவெறி கிடையாது. தபால் அலுவலகத்தில் கேளுங்கள், கூட்டுறவுக் கடையில் கேளுங்கள், கம்பளி ஏலம் போடும் கொட்டகையில் கேளுங்கள். "அதெல்லாம் பழைய கதைங்க, இப்ப எல்லாரும் ஒண்ணுதான்" என்பார்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் பழுப்பு ஜனங்கள் இருக்கிறார்கள். பிரித்து வைத்த சட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பாதையில் இப்போது ரயில்கூட வருவதில்லை. ஆனாலும் ஜனங்கள் அவரவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஏதோ பெரிய வண்டி ஒன்று வரப்போகிறது, அது போகட்டும் என்று காத்திருப்பவர்களைப் போல.

மக்ரீட்டா ஸ்வார்ட்பாய் பிறந்தது அந்தப் பக்கம். வேலை பார்த்தது இந்தப் பக்கம், ஹெஸ்டர் ஃபெர்மாக்கின் வீட்டில். பாவாடையை மடித்துக் குத்திய வயதில் அந்தச் சமையலறைக்குள் போனவள், முழங்கால் தேய்ந்த பிறகுதான் வெளியே வந்தாள். அவள் கைப்பக்குவத்தைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இல்லை. அவள் வேகவைத்த ஆட்டுக்கால் எலும்பிலிருந்து தானாகவே கழன்று விழும். அவள் சுடும் பால் டார்ட் என்ற இனிப்பைக் கத்தியால் வெட்டினால் விளிம்பு உதிராது. அதைத் தான் செய்ததாகச் சொல்லி, மாதர் சங்கப் போட்டியில் ஹெஸ்டர் பலமுறை பரிசு வாங்கியிருக்கிறாள்.

அந்த வீட்டில் மக்ரீட்டாவுக்கென்று ஒரு குவளை இருந்தது. வெளிர் நீல எனாமல் குவளை, விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்த ஒரு வடு. கூடவே ஒரு தகரத் தட்டு, ஒரு ஸ்பூன். மூன்றும் பாத்திரம் கழுவும் சிங்குக்கு அடியில், சோப்புத் தூளுக்கும் எலி மருந்துக்கும் நடுவில் இருக்கும். நாயின் தட்டு மேலே அலமாரியில் இருந்தது. நாய் நல்ல ஜாதி.

குழம்பில் உப்பு சரியா என்று அகப்பையை நாக்கில் வைத்துப் பார்த்து, அதே அகப்பையை மறுபடி குழம்பில் விட்டுக் கிளறியவள் மக்ரீட்டா. ஹெஸ்டரின் மகள் குழந்தையாக இருந்தபோது, காய்ச்சலில் எதுவும் இறங்காமல் கிடந்தவளுக்கு ரொட்டியை மென்று ஊட்டியவளும் அவள்தான். அதிலெல்லாம் யாருக்கும் எந்த நோயும் ஒட்டவில்லை. குவளையில் மட்டும்தான் ஒட்டும் போலிருக்கிறது.

எல்லோரும் முதல்முறையாக ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட நாளன்று, ஹெஸ்டர் உணர்ச்சிவசப்பட்டு வீட்டுக்கு வந்தாள். சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு மக்ரீட்டா. இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்போம்" என்றாள். அதற்கு முன் அந்த நாற்காலியில் மக்ரீட்டா உட்கார்ந்ததே இல்லை, துடைத்திருக்கிறாள். ஹெஸ்டர் ரோஜாப்பூ போட்ட பீங்கான் கோப்பையை எடுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, சிங்குக்கு அடியில் கைவிட்டு, நீலக் குவளையை எடுத்து மக்ரீட்டாவின் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீயும் நானும் ஒண்ணு" என்று சொல்லி, கோப்பையைக் குவளையோடு மோதப்போனவள், மோதாமலே வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஆமாங்க மிஸ்ஸஸ்" என்றாள் மக்ரீட்டா. அந்தப் பொம்பளைக்குத் தான் என்ன செய்தோம் என்பதே தெரியவில்லை என்று கண்டாள். தெரிந்து செய்தால் திட்டலாம். தெரியாமல் செய்கிறவளை என்ன செய்வது?

மக்ரீட்டா வேலையை விட்டு நின்ற அன்று, ஹெஸ்டர் கண்ணீர் விட்டாள். "நீ எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்று கட்டிப்பிடித்தாள். ஒரு சால்வையோடு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளையும் கொடுத்தாள். பிரித்தால் அந்தக் குவளை. "உனக்குப் பழகினதாச்சே. வேற யாரு அதுல குடிக்கப்போறா?"

அதன் பிறகுதான் மக்ரீட்டாவின் உண்மையான உயரம் ஊருக்குத் தெரிந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மிஷன் சபையில் அவளை மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களில் அவள்தான் முதல். அவள் எழுந்து நின்று ஜெபம் செய்தால் ஒரு வார்த்தை இரண்டு தடவை வராது. பின்வரிசையில் இருமுகிறவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். அவள் தொப்பியில் ஒரு ஊசி கோணலாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

சதுக்கத்தில் கோபுரம் வைத்த வெள்ளைக்காரர் சபையும் இந்த மிஷன் சபையும் ஒரே விசுவாசம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே கடவுள். இரண்டையும் இணைப்பதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தது. பேசுவதற்குக் கூட்டினார்கள், கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், பிஸ்கெட் சாப்பிட்டுக் கலைந்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரர் சபைக்குப் புதிதாக வந்த இளம் போதகர் கெர்ட், அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்தையாவது ஒருமுறை சேர்ந்து நடத்துவோம் என்றார்.

அந்தக் கூட்டத்தில் மக்ரீட்டா கேட்டது ஒன்றே ஒன்று. "பாஸ்டர், எனக்குச் சங்கீதம் யாரு பாடறாங்க, பிரசங்கம் யாரு பண்றாங்கன்னு கவலையில்ல. உங்க சபையில ஒரு பெரிய வெள்ளிப் பாத்திரம் இருக்கில்ல, முன்வரிசையிலேருந்து கைக்குக் கை போகுமே? அதுல நாங்களும் குடிக்கணும். ஒரே பாத்திரம். அவ்வளவுதான்."

"நிச்சயமா சிஸ்டர். அதுக்காகத்தானே சேருறோம்" என்றார் கெர்ட். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஹெஸ்டரும் சொன்னாள்.

திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை போதகர் கெர்ட் மக்ரீட்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். உட்கார்ந்தார். தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"சிஸ்டர், ஒரு சின்ன மாற்றம். இந்தத் தடவை ஆளாளுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிளாஸ். தட்டுல வச்சுக் கொடுத்துருவோம்."

"ஏன் பாஸ்டர்?"

"குளிர்காலம் பாருங்க. சளி, காய்ச்சல்... சுகாதாரத்துக்காக."

"போன குளிர்காலத்துல உங்க சபையில எதுல குடிச்சீங்க?"

கெர்ட் தொப்பியைச் சுழற்றுவதை நிறுத்தினார். "வெள்ளிப் பாத்திரத்துலதான்."

"அதுக்கு முந்தின குளிர்காலத்துல?"

"சிஸ்டர்..."

"உங்க தாத்தா காலத்துலேருந்து அந்தப் பாத்திரத்துக்குச் சளி பிடிக்கல. நாங்க வர்ற வாரம் பிடிச்சிருச்சா?"

"இதுல இனவெறி எதுவும் இல்ல சிஸ்டர். சத்தியமா. யாருமே அப்படி ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் பாஸ்டர். பதில் சொல்லியிருப்பேன்."

அவர் போன பிறகு, பக்கத்து அறையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா லேனா, இஸ்திரிப்பெட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"கேட்டேன்டி எல்லாத்தையும். அவங்க புள்ளைக்கு நீ எச்சி ரொட்டி ஊட்டினப்ப சுகாதாரம் எங்கடி போயிருந்துச்சு? மாடு மேய்க்கவா?"

"நான் போகப்போறதில்லக்கா."

"போகாம இருந்தா என்ன ஆகும் தெரியுமா? 'பாவம், நம்ம மக்ரீட்டாவுக்கு முழங்கால் வலி'ன்னு ஜெபம் பண்ணுவாளுக. தொப்பியை எடுத்து வை. ஆவி காட்டி நிமிர்த்தித் தர்றேன்."

மக்ரீட்டா அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த நீலக் குவளையை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். லேனா இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். குவளையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"அடியே" என்றாள் மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை கோபுரச் சபை நிரம்பியிருந்தது. ஒற்றுமையைக் காட்ட, இந்த ஜனமும் அந்த ஜனமும் கலந்து உட்காரச் சொல்லியிருந்தார் கெர்ட். ஹெஸ்டர் எழுந்து நின்று கையை ஆட்டினாள். "மக்ரீட்டா! இங்க வா, என் பக்கத்துல!" சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்காகத்தான் அவ்வளவு உரக்கக் கூப்பிட்டாள். மக்ரீட்டா போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் லேனா. ஹெஸ்டருக்கு அந்தப் பக்கம் ஃபான் மாமா, காது மந்தமான பழைய பண்ணைக்காரர்.

அப்பம் வந்தது, போனது. பிறகு கிளாஸ்கள் அடுக்கிய தட்டு வந்தது. தையல்காரியின் விரலுறை அளவுதான் ஒவ்வொன்றும். ஹெஸ்டர் ஒன்றை எடுத்து, வெள்ளைக் கையுறைக்குள் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். மக்ரீட்டா ஒன்றை எடுத்தாள். மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். நீலக் குவளையை வெளியே எடுத்து, கிளாஸில் இருந்த திராட்சைரசத்தை அதில் ஊற்றினாள்.

ஹெஸ்டர் அந்தக் குவளையை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் கழுத்தில் சிவப்பு ஏறியது.

லேனா தன் கிளாஸையும் குவளையில் ஊற்றினாள். பின்வரிசையிலிருந்து மிஷன் சபைக்காரர் ஒருவர் கையை நீட்டி ஊற்றினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவளும் ஊற்றினாள். யாரும் சொல்லிவைக்கவில்லை. பிரசங்க மேடையிலிருந்து கெர்ட் அவசரமாக ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்தார். அந்த அம்மா பயந்துபோய் ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

மக்ரீட்டா ஒரு வாய் குடித்தாள். குவளையைத் திருப்பவில்லை, விளிம்பைத் துடைக்கவில்லை. அப்படியே நீட்டினாள்.

"கிறிஸ்துவின் இரத்தம், ஹெஸ்டர்."

மிஸ்ஸஸ் என்ற சொல் இல்லாமல் அந்தப் பெயரை அவள் வாய் சொன்னது அதுவே முதல்முறை.

"நான்... நான் குடிச்சாச்சு" என்றாள் ஹெஸ்டர்.

அவள் கையில் இருந்த கிளாஸ் நிறைந்து இருந்தது. அவள் பின்வாங்கியதில் ரசம் தளும்பி, வெள்ளைக் கையுறையில் சிவப்பாகப் பரவியது.

மக்ரீட்டா குவளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அப்போது ஹெஸ்டரின் மடிக்குக் குறுக்கே ஒரு முரட்டுக் கை வந்து குவளையைப் பிடித்தது. ஃபான் மாமா.

"இங்க குடு. கண்ணுக்கு மருந்து விடுற சீசாவுல குடுத்தா மனுஷனுக்கு எப்படித் தொண்டை நனையும்?" காது கேட்காதவர் ஆகையால் சபைக்கே கேட்கும்படி சொன்னார். இரண்டு மடக்கில் குடித்து, மீசையைத் துடைத்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

ஃபான் மாமாவைப் பெரிதாகப் புகழ வேண்டியதில்லை. ஊர் நீச்சல் குளத்தில் காலை நனைத்த பழுப்புப் பிள்ளைகளை ஒரு காலத்தில் சாட்டையோடு துரத்தியவர் அவர். அன்று அவருக்குத் தாகம். அவ்வளவுதான். ஆனால் தாகம் எடுத்தவன் குடித்துவிட்டான், அன்பு நிறைந்தவளால் முடியவில்லை. இதை மக்ரீட்டா மனதில் குறித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்து பின்புற மண்டபத்தில் டீ கொடுத்தார்கள். போதகர் கெர்ட் எல்லோரிடமும் போய், அருமையான தொடக்கம், அருமையான தொடக்கம் என்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், "பாத்தீங்களா, எந்தப் பிரச்சனையும் இல்லாம நடந்துருச்சு" என்றார். டோரிங்பெர்க்கில் இனவெறி கிடையாது என்பது மறுபடி உறுதியானது.

மண்டபத்துச் சமையலறையில் அழுக்குக் கிளாஸ்கள் தட்டுத் தட்டாக வந்து குவிந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு வந்த ஹெஸ்டர், எதுவுமே நடக்காதது போல மக்ரீட்டாவின் தோளைத் தொட்டாள்.

"மக்ரீட்டா, இதெல்லாம் ரொம்ப மெல்லிசு. மத்தவங்க கை பட்டா உடைஞ்சுரும். உன்னை மாதிரி பக்குவமாக் கழுவ யாருக்கு வரும்?"

மக்ரீட்டா சிங்குக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். தன் குவளையைக் கழுவினாள், உள்ளே, வெளியே, கைப்பிடியின் இடுக்கிலும். நல்ல துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்தாள். கைப்பையில் வைத்து மூடினாள்.

"என்னோடதைக் கழுவிட்டேன்" என்றாள். "உங்களோடதை நீங்க கழுவிக்கோங்க ஹெஸ்டர். சுகாதாரம் பாருங்க."

லேனா வாசலில் தொப்பியோடு காத்திருந்தாள். இருவரும் படியிறங்கும்போது உள்ளேயிருந்து ஹெஸ்டரின் குரல் கேட்டது. அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

"மக்ரீட்டா! இங்க சோப்பு எங்க இருக்கு?"

மக்ரீட்டா திரும்பாமலே சொன்னாள்.

"சிங்குக்கு அடியில. குனிஞ்சு பாருங்க."