மட்டக்களப்பிலிருந்து வந்த சேதி

காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த மீனாளுக்கு, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே நெஞ்சு படபடக்கும். அறுபத்து நாலாம் வருஷப் புயலில், தனுஷ்கோடியில் இருந்த அவள் அண்ணன் சின்னக்கருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் பொங்கி வருகிறதென்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எழுபத்தெட்டு கார்த்திகையில் ஒரு காலை, மட்டக்களப்பைப் புயல் சிதைத்துவிட்டது, இப்போது மேற்கே நகர்கிறது என்று இலங்கை வானொலி அறிவித்தது. மீனாள் எக்ஸ்சேஞ்சுக்கு ஓடி, தொண்டிப் பக்கத்துக் கடலோர ஊர்களைக் கூப்பிட்டுப் புயல் வருகிறதென்று சொல்ல ஆரம்பித்தாள்.

“இங்குட்டுத் தூத்தல்கூட இல்லையே தாயி,” என்றார் ஒரு போஸ்ட்மாஸ்டர்.

“மட்டக்களப்புல அடிபட்டுக் கெடக்குறவுக சொல்றாக, அண்ணே. சனத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.”

அவர் அப்படியே செய்தார். அன்று மாலையே புயல் கரையேறியது. குடிசைகள் போயின, பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள்.

லைன் சரியானதும் அவரே கூப்பிட்டார். “எங்க உசுரைக் காப்பாத்துனீக, தாயி!”

மீனாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சேதி தந்த ஊரில் யார் மிஞ்சினார்கள் என்று கேட்க மட்டக்களப்புக்கு முயன்றாள். கொழும்புவரைதான் லைன் கிடைத்தது.

“அங்கால ஒரு கம்பமும் நிக்கேல்லை, அக்கா,” என்றாள் அங்கே எக்ஸ்சேஞ்சில் பேசிய பெண். “கம்பம் நட்டதும் மொதல்ல என்னையக் கூப்பிடுங்க, தாயி,” என்றாள் மீனாள், லைனைத் துண்டிக்காமல்.