ஈசான்ய மூலையில் நான்கு கற்கள்

மூன்று வருடங்களுக்கு முன், மைசூரில் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் வாங்கிப் போட்டிருந்த சைட்டில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். தொடங்கினோம் என்று சொல்வதே தப்பு. ஒரு செடி எங்களைத் தொடங்கவே விடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது.

குடியிருந்த வாடகை வீட்டுக்காரர், வெளியூரிலிருந்து மகன் வருவதால் தசராவுக்குள் காலி செய்து தரச் சொல்லியிருந்தார். மாசியில் வேலையை ஆரம்பித்தால் அதற்குள் சொந்த வீட்டுக்கே போய்விடலாம் என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். மேஸ்திரி கொள்ளேகால் பக்கத்துக்காரர். முதலில் வாஸ்துப்படி ஈசான்ய மூலையில் தண்ணீர் சம்ப் தோண்டிவிடலாம், தண்ணீர் இருந்தால்தான் மற்ற வேலை நடக்கும் என்றார். அவர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா வேகவேகமாக வந்தார்.

அடுத்த தெருவில் இருப்பவர், கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர், கன்னடக்காரர். சம்ப் வரவேண்டிய இடத்தைக் காட்டி, அங்கே மட்டும் தோண்டாதீர்கள் என்றார். பார்த்தால் வெறும் மண், சுற்றி நான்கு கற்கள். எங்கள் சைட்டில் எங்களுக்கே தெரியாமல் போன வருடமே அவர் வைத்த கற்கள். உள்ளே ஒரு கிழங்கு தூங்குகிறதாம்.

மழை முடிந்த சமயத்தில் அங்கே மெல்லிய கொடி ஒன்றைப் பார்த்திருக்கிறார். கொம்பு மாதிரி இரட்டைக் காய் இருந்ததாம், பூ முடிந்துபோயிருந்ததாம். இலையை வைத்துப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. இதுவரை யாரும் விவரித்து எழுதாத செடியாகக்கூட இருக்கலாம், ஆனால் பூவைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். கிழங்கைத் தோண்டித் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். வேறொரு செடியின் கிழங்கை அப்படிச் செய்து அழுகிப் போய்விட்டதாம். சுற்றுவட்டாரத்தில் அவர் கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் கணவர், “ஒரு பூதானே, பூத்துட்டுப் போகட்டும்” என்றார். அவருக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை, ஷிப்டு முடிந்து வந்தால் படுத்துவிடுவார். வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தானே. போதாக்குறைக்கு, புதுச் செடி என்றால் உன் பெயரையே வைத்தாலும் வைப்பார்கள் என்று வேறு கிண்டல் செய்தார். சிடுசிடுத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரிக்குத்தான் விஷயம் பிடிபடவே இல்லை. “ஏனுங்கம்மா, இங்க ஒண்ணுமே இல்லீங்களே. எதுக்குங்க காவல்?” என்று கேட்டார். அவர் வேறு இடத்தில் வேலைக்குப் போய்விட்டார்.

பங்குனி, சித்திரை, வைகாசி. பக்கத்து சைட்டுகளில் எல்லாம் தூண்கள் எழும்பின. எங்கள் சைட்டில் வெயிலில் நான்கு கற்கள். எப்போது முளைக்கும், என்ன செடி, என்ன நிறத்தில் பூக்கும் என்று எதைக் கேட்டாலும் அந்த அம்மாவிடம் ஒரே பதில்தான்: “ஸ்வல்ப பொறுங்க மேடம். பூக்கட்டும், அப்புறம் சொல்றேன்.” படித்தவர், ஒரு ஊகமாவது சொல்லக்கூடாதா? சொல்ல மாட்டார். கேட்டுக் கேட்டு எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

மழை வந்ததும் நூல் மாதிரி ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. ஒரு சாண் வளர்ந்தது. அன்று சாயங்காலமே ஓர் ஆடு அதைத் தரையோடு ஒட்ட மேய்ந்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, செடிக்காக அல்ல, எனக்காக. அந்த அம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு, கிழங்கு இருக்கிறது, மறுபடி முளைக்கும் என்று நிதானமாகச் சொன்னார். மறுநாள் நானே முள் வெட்டிக் கொண்டுவந்து வேலி போட்டேன்.

ஆவணியில் வீட்டுக்காரர் கெடுவை நினைவுபடுத்தினார். சாமான்களை வண்டியில் ஏற்றி, இன்னொரு வாடகை வீட்டுக்குப் போனோம். சொந்த வீட்டில் காய்ச்ச வேண்டிய பாலை அங்கே காய்ச்சினேன். அடுப்படியில் நின்றுகொண்டு அந்தச் செடியையும், அந்த அம்மாவையும், என் கணவரையும் வரிசையாகத் திட்டினேன்.

அப்படியும் காலையில் சைட்டுப் பக்கம் போவதை நிறுத்த முடியவில்லை. ஒரு நாள் பார்த்தால் மொட்டு அவிழ்ந்திருந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கீழே சின்னப் பானை மாதிரி வயிறு, மேலே குழாய், உச்சியில் ஐந்து பட்டைகள் சேர்ந்து கூண்டு விளக்கு மாதிரி கூடியிருந்தன. நான் போனில் சொன்னதும் அந்த அம்மா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் வந்தார். கையில் லென்ஸ், அளவுகோல், பூவைக் கெடாமல் போட்டு வைக்கச் சாராயம் நிரப்பிய சின்ன பாட்டில். என்னைக் குடை பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு பாகத்தையும் அளந்தார், ரோமம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதுவரை எழுதினார். காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால், இது என்ன நிறம் என்று என்னையும் கேட்டார். கத்தரிக்காய்க் காம்பு மாதிரி, பச்சையில் லேசாக ஊதா என்றேன். அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

கொடியில் இன்னொரு பூவும் இருந்தது. அதற்குள் பொடி ஈ ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ரோமங்கள் கீழ்நோக்கி இருப்பதால் அதனால் ஏறி வரமுடியாதாம், நாளைக்கு ரோமம் வாடியதும் மகரந்தத்தோடு போய்விடுமாம். நம்பிக்கை இல்லாமல் மறுநாளும் போய் உட்கார்ந்தேன். பூ தலை சாய்ந்தது. ஈ வெளியே வந்து, கொஞ்சம் தள்ளாடி, பறந்தது. அதற்குக்கூடக் கெடு ஒரே நாள்தான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

பழைய விவரணைகளோடும், பல ஊர்களில் உலர்த்தி வைத்திருக்கும் மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐப்பசியில் அந்த அம்மா வந்தார். புதுச் செடி இல்லை. எப்போதோ, எங்கேயோ, யாரோ விவரித்துப் பெயர் வைத்ததுதான். இந்தப் பக்கத்தில் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவே.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏற்கெனவே பெயர் உள்ள ஒன்றுக்காகவா ஒரு வருடத்தை விட்டேன்? வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடவில்லை.

“நல்லதாச்சு மேடம். அவசரப்பட்டு நான் ஒரு பேர் வெச்சிருந்தா, அதுக்கு ரெண்டு பேர் ஆகியிருக்கும். தப்பா வெச்ச பேரை எடுக்கறது ரொம்பக் கஷ்டம். இனிமேல் நீங்க தோண்டலாம்” என்றார்.

மறுநாள் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். கடப்பாரை ஓங்கியது. நான்கு கற்களுக்கு நடுவே கொடி மஞ்சளித்துக்கொண்டிருந்தது, ஒரு ஜோடி காயோடு. நிறுத்தச் சொன்னேன். சம்பை வாசல் பக்கம் தள்ளித் தோண்டுங்கள் என்றேன். வாஸ்து கெட்டுப்போகும் என்றார் மேஸ்திரி. என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் என்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வருடம் திட்டித் திட்டியே அதோடு பழகிவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம் சம்ப் தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் போவதில்லை. கோடையில் வந்தால், ஈசான்ய மூலையில் வெறும் மண்ணைச் சுற்றி எதற்கு நான்கு கற்கள், அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். “பூக்கட்டும், அப்புறம் சொல்றேன்” என்பேன். அவர்கள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் செடியோ மனிதரோ, சட்டென்று ஒரு பெயர் வைத்துவிட என் நாக்கு துடிக்கும்போதெல்லாம் அந்தப் பதில்தான் முந்திக்கொண்டு வருகிறது.