ரெண்டரைக்கே வந்த போன்

லண்டனுக்கு வேலைக்குப் போன அண்ணன் கோடையில் கடிதம் போட்டிருந்தான். "ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணிக்கு நம்ம தெரு பட்டுக்கடைக்குப் போன் பண்றேன். அம்மாவைக் கூட்டிக்கினு வா."

லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் என்று குளிர்காலத்தில் அவனே எழுதியிருந்தான். அதனால் நமக்கு மூன்றரை என்று கணக்குப் போட்டேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கே அம்மா தறியை விட்டு எழுந்து, புடவை மாற்றி வாசலில் நின்றாள்.

"இப்பவே போயிடலாமே," என்றாள்.

"படிச்சவ எனக்குத் தெரியாதா? உட்காரும்மா," என்று எரிந்து விழுந்தேன்.

மூன்று மணிக்குப் போனோம். கடைக்காரர் பதறிப்போனார். "ரெண்டரைக்கே வந்துச்சேம்மா! 'அம்மா, அம்மா'ன்னு கத்திக்கினே இருந்தாரு. லைன் போயிடுச்சு."

அம்மா என்னைத் திட்டவில்லை. அவரிடம்தான் கேட்டாள்: "குரல் எப்படிப்பா இருந்துச்சு? சளி கிளி கட்டியிருக்குதா?"

கோடையில் அங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்களாம். சொல்ல மறந்துவிட்டதாக அண்ணன் அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தான். அது வருவதற்குள் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள்.

இன்றும் யாராவது "இப்பவே போயிடலாமே" என்றால், மணி பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன்.